விநாடியில் ஆறில் ஒரு பங்கு: வாள்வீச்சில் உயர்ந்த கொரியப் பெண்களும் அதன் பின்னுள்ள அறிவியலும்

2021 ஜூலை 31. தோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் சேபர் குழுப் பிரிவின் வெண்கலப் பதக்க ஆட்டம். தென் கொரியாவும் இத்தாலியும் மோதின. ஒரு கட்டத்தில் இத்தாலி 25, கொரியா 15. பத்துப் புள்ளி பின்தங்கிய குழு மீண்டு வருவது அரிது. ஆனால் ஆட்டம் முடிந்தபோது கொரியா 45, இத்தாலி 42. கிம் ஜி-யோன், யூன் ஜி-சு, சோய் சூ-யோன், சோ ஜி-யோன் ஆகிய நால்வரும் அந்தப் பிரிவில் தங்கள் நாட்டுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை வாங்கித் தந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கொரியப் பெண்கள் இன்னும் ஒரு படி ஏறினார்கள். அரையிறுதியில் போட்டியை நடத்திய பிரான்சை, அதன் சொந்த ரசிகர்கள் முன்னிலையில் 45-36 என வென்றார்கள். இறுதியாட்டத்தில் உக்ரேனிடம் 42-45 எனத் தோற்று வெள்ளி பெற்றார்கள்.

வாள்வீச்சு ஐரோப்பாவில் வளர்ந்த விளையாட்டு. இத்தாலி, பிரான்ஸ், ஹங்கேரி போன்ற நாடுகளுக்கு அதில் நூற்றாண்டுக்கும் மேலான அனுபவம் உண்டு. சராசரியாகப் பார்த்தால் ஐரோப்பிய வீராங்கனைகள் உயரமானவர்கள், கைகளும் நீளம். பிறகு எப்படி ஓர் ஆசியக் குழு அவர்களை எட்டிப் பிடித்தது? விடை தேடப் போனால் மின்சுற்று, நரம்பு, விசை, வேகம் என நம் அறிவியல் பாடநூலின் பல பக்கங்களைப் புரட்ட வேண்டியிருக்கிறது. வாருங்கள், புரட்டிப் பார்ப்போம்.

மூன்று வாள்கள், ஒரு களம்

வாள்வீச்சில் ஃபாயில், எப்பே, சேபர் என மூன்று வகை வாள்கள் உண்டு. மூன்றும் ஒவ்வொரு தனி விளையாட்டு என்றே சொல்லலாம்.

ஃபாயிலில் வாளின் நுனியால் குத்தினால்தான் புள்ளி. உடற்பகுதி மட்டுமே இலக்கு. எப்பேயிலும் நுனிதான், ஆனால் தலை முதல் கால் வரை முழு உடலும் இலக்கு. சேபரில் நுனியால் குத்தலாம், விளிம்பால் வெட்டவும் செய்யலாம். இடுப்புக்கு மேலே உடல், கைகள், தலை ஆகியவை இலக்கு. வீசவும் முடிகிறது, குத்தவும் முடிகிறது என்பதால் மூன்றிலும் வேகமானது சேபர்தான். சேபர் வாளின் எடை 500 கிராமைத் தாண்டக்கூடாது.

களம் 14 மீட்டர் நீளம், அகலம் 1.5 முதல் 2 மீட்டர். நமக்குப் பழக்கமான பூப்பந்துத் திடலின் நீளம் 13.4 மீட்டர். ஆக, பூப்பந்துத் திடலைவிடச் சற்றே நீளமான, ஆனால் வீட்டு நடைபாதை போல ஒடுங்கிய ஒரு பாதை அது. ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் நடுவே 4 மீட்டர் இடைவெளி. சேபரில் நடுவர் குரல் கொடுத்த ஓரிரு விநாடிகளுக்குள்ளேயே பல புள்ளிகள் முடிந்துவிடும்.

வாளே ஒரு மின்விசை

இந்த வேகத்தில் யார் முதலில் தொட்டார்கள் என்பதை வெறுங்கண்ணால் எப்படிச் சொல்வது? முன்பெல்லாம் களத்தைச் சுற்றி நான்கு உதவி நடுவர்கள் நின்று, கண்ணால் பார்த்துத்தான் தீர்ப்புச் சொன்னார்கள். சர்ச்சைகளுக்குக் குறைவில்லை. மின்கருவி 1936 ஒலிம்பிக்கில் எப்பேக்கு வந்தது; 1956இல் ஃபாயிலுக்கு வந்தது; சேபருக்கு 1992இல்தான் வந்தது.

அதன் தத்துவம் நீங்கள் பள்ளியில் படித்த எளிய மின்சுற்றுதான். எப்பே வாளின் நுனியில் சிறிய பொத்தான் ஒன்று சுருள்வில்லின் மேல் இருக்கும். சாதாரண நிலையில் சுற்று திறந்திருக்கும். எதிராளியின் உடலில் குத்தும்போது பொத்தான் அழுந்தி, சுற்று மூடி, விளக்கு எரியும். லேசாகப் பட்டதெல்லாம் புள்ளியாகிவிடக் கூடாது என்பதால், அந்தச் சுருள்வில் 750 கிராம் எடையைத் தாங்கி மீண்டும் மேலே தள்ள வேண்டும் என்பது விதி. ஃபாயிலில் இது 500 கிராம். இன்னொரு வேறுபாடும் உண்டு. ஃபாயிலில் சுற்று எப்போதும் மூடியே இருக்கும். பொத்தான் அழுந்தும்போது அது திறக்கும். மின்னோட்டம் நின்றுபோனதையே கருவி தொடுதலாக எடுத்துக்கொள்கிறது.

சேபரில் பொத்தானே இல்லை. வாள் முழுவதும் மின்கடத்தி. வீராங்கனை அணியும் மேலாடையில் உலோக இழைகள் நெய்யப்பட்டிருக்கும். முகக்கவசமும் மின்கடத்தி. எதிராளியின் வாள் அந்த ஆடையில் எந்த இடத்தில் பட்டாலும் சுற்று மூடும். ஒருவர் பக்கம் சிவப்பு விளக்கு, மற்றவர் பக்கம் பச்சை விளக்கு. பயன்படுத்தும் மின்னழுத்தம் மிகக் குறைவு என்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை.

இங்கே ஓர் எதிரியும் உண்டு: வியர்வை. வியர்வையில் உள்ள உப்பு, உலோக இழைகளை மெல்ல அரிக்கும். அரித்த இடத்தில் மின்தடை கூடும். ஓம் விதி நினைவிருக்கிறதா? மின்தடை கூடினால் மின்னோட்டம் குறையும். தொட்டும் விளக்கு எரியாமல் போகலாம். அதனால் அந்த ஆடையின் மின்தடை 5 ஓமுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வைத்து, போட்டிக்கு முன் அளந்து பார்க்கிறார்கள். நன்றாக விளையாடத் தெரிந்திருந்தும், பழைய ஆடையால் புள்ளியை இழக்க நேரிடலாம்.

170 மில்லி விநாடி

இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தொட்டால் என்ன ஆகும்? கருவிக்குள் ஒரு காலக்கணக்கு இருக்கிறது. முதல் தொடுதல் பதிவானதும் ஒரு குறுகிய நேரத்துக்குத்தான் இரண்டாவது தொடுதலைக் கருவி ஏற்கும். அதன் பிறகு கதவு மூடிவிடும்.

அந்த நேரம் எப்பேயில் 40 முதல் 50 மில்லி விநாடி. ஃபாயிலில் ஏறத்தாழ 300. சேபரில் ஏறத்தாழ 170. ஒரு மில்லி விநாடி என்பது விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனவே 170 மில்லி விநாடி என்பது விநாடியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. உங்கள் கைப்பேசி விநாடிக்கு 30 படங்கள் வீதம் காணொளி எடுத்தால், இந்த நேரத்துக்குள் ஐந்தே படங்கள்தான் பதிவாகும்.

சேபரில் முன்பு இது 120 மில்லி விநாடியாக இருந்தது; 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு 170 ஆனது. வெறும் 50 மில்லி விநாடிதானே என்று எண்ணாதீர்கள். ஆட்டத்தின் போக்கே அதனால் மாறும். நேரம் குறைவாக இருந்தால், தாக்க வருபவரைச் சட்டென்று முந்தித் தொட்டு, அவருடைய விளக்கே எரியாமல் செய்துவிடலாம். நேரம் கூடினால் இரண்டு விளக்கும் எரியும். அப்போது ஃபாயிலிலும் சேபரிலும் நடுவர்தான் தீர்மானிப்பார்: தாக்குதலை முறையாகத் தொடங்கியவர் யாரோ, அவருக்கே புள்ளி. எதிராளி அந்தத் தாக்குதலை வாளால் தடுத்துவிட்டால், தாக்கும் உரிமை அவர் கைக்கு மாறும். எப்பேயில் இந்த உரிமைக் கணக்கு கிடையாது. இரண்டு விளக்கும் எரிந்தால் இருவருக்கும் புள்ளி.

கண்ணிலிருந்து கால் வரை

இப்போது மனித உடலைப் பார்ப்போம். ஒரு விளக்கு எரிவதைப் பார்த்தவுடன் பொத்தானை அழுத்தச் சொன்னால், பெரும்பாலோருக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி ஆகும். இதுதான் துலங்கல் நேரம்.

அந்த நேரம் எங்கே செலவாகிறது? காலுக்குச் செல்லும் நரம்புகளில் கட்டளை விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க 20 மில்லி விநாடி போதும். அப்படியானால் நரம்பு வழிப் பயணம் ஒரு சிறு பகுதிதான். விழித்திரை ஒளியை மின்குறிப்பாக மாற்றுவது, மூளை அதை அடையாளம் கண்டு முடிவெடுப்பது, தசை சுருங்கத் தொடங்குவது ஆகியவையே மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

இப்போது இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். துலங்கல் நேரம் 200. சேபர் கருவியின் நேரம் 170. எதிராளியின் வாள் உங்கள்மேல் பட்ட பிறகு அதைப் பார்த்து நீங்கள் தொடங்கினால், கருவியின் கதவு அதற்குள் மூடிவிடும். பார்த்த பிறகு செயல்பட்டு வெல்ல முடியாது. என்ன வரப்போகிறது என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். எதிராளியின் தோள் அசைவு, முன்பாதத்தின் திருப்பம், அவர் நெருங்கி வரும் தாளம் ஆகியவற்றைப் படிக்கத் தெரிந்தவருக்கு நேரம் மிச்சமாகிறது.

பொய்த் தாக்குதலின் ரகசியமும் இதுவே. ஆங்கிலேய உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக் 1952இல் ஒரு முடிவை வெளியிட்டார். தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் கூடக் கூட, துலங்கல் நேரமும் கூடும் என்பதே அது. இடப்பக்கம் வீசுவதுபோல் காட்டி வலப்பக்கம் வீசுபவர், எதிராளியின் மூளைக்குக் கூடுதல் வேலை கொடுக்கிறார். அந்த வேலை முடிவதற்குள் தாமே முந்திக்கொள்கிறார்.

கை நீளமா, கால் வேகமா?

கொரியக் குழுக்கள் கண்டுபிடித்த வழி கால்களில் இருந்தது. ஐரோப்பியர்களின் உயரத்தோடும் கை நுட்பத்தோடும் நேருக்கு நேர் மோதாமல், விரைவான, இடைவிடாத காலடிகளில் அவர்கள் கவனம் செலுத்தினார்கள். "கால் வாள்வீச்சு" என்றே அந்தப் பாணிக்குப் பெயர் வந்துவிட்டது.

இது பயன் தருமா என்பதை ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நம் வசதிக்காக வைத்துக்கொண்டவை. உயரமான வீராங்கனை இலக்கைத் தொட 1.50 மீட்டர் முன்னேற வேண்டும். அவர் வேகம் விநாடிக்கு 3 மீட்டர். நேரம் = தூரம் ÷ வேகம் = 0.50 விநாடி. குட்டையான வீராங்கனைக்குக் கை 8 சென்டிமீட்டர் குறைவு. அதனால் அவர் 1.58 மீட்டர் முன்னேற வேண்டும். அவரும் அதே வேகத்தில் வந்தால் 0.527 விநாடி ஆகும், தோற்றுவிடுவார். ஆனால் பயிற்சியால் தன் வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டி, விநாடிக்கு 3.3 மீட்டர் ஆக்கிவிட்டால்? 1.58 ÷ 3.3 = 0.479 விநாடி. இப்போது அவர்தான் முந்துகிறார். எலும்பின் நீளத்தைப் பயிற்சியால் கூட்ட முடியாது. காலின் வேகத்தைக் கூட்டலாம்.

அந்த வேகம் தரையிலிருந்து வருகிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, பின்கால் தரையைப் பின்னோக்கித் தள்ளினால் தரை உடலை முன்னோக்கித் தள்ளும். சேபரில் முன்னேறும்போது பின்கால் முன்காலைத் தாண்டக்கூடாது என்று விதி. எனவே ஓட்டப்பந்தயம்போல் ஓட முடியாது. ஒவ்வொரு தள்ளலும் முழுப் பயன் தர வேண்டும். முழங்கால்கள் மடிந்தே இருப்பதும் இதற்காகத்தான். மடிந்த கால் எந்தக் கணமும் நிமிரத் தயாராக இருக்கும். உடலின் ஈர்ப்பு மையமும் தாழ்ந்திருப்பதால், சட்டென்று நின்று பின்வாங்கும்போது நிலை தடுமாறாது.

ஒவ்வொரு படியாக

இந்த உயர்வு ஒரே நாளில் வந்ததில்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஃபாயில் தனிநபர் இறுதியாட்டம் வரை சென்ற நாம் ஹியூன்-ஹீயின் உயரம் ஏறத்தாழ 155 சென்டிமீட்டர்தான். இத்தாலியின் வலென்டினா வெசாலியிடம் 5-6 என ஒரே புள்ளியில் தோற்று வெள்ளி பெற்றார்.

2012 லண்டனில் கிம் ஜி-யோன் சேபர் தனிநபர் தங்கத்தை வென்றார். இதன் பெருமையை அறிய ஒரு வரலாற்றுச் செய்தி வேண்டும். ஆண்கள் சேபர், நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896 முதலே உண்டு. பெண்களுக்குச் சேபர் கிடைத்ததோ 2004இல். 108 ஆண்டுகள் காத்திருந்து திறந்த கதவு அது. திறந்த எட்டே ஆண்டுகளில் ஓர் ஆசியப் பெண் அதில் தங்கம் வென்றார்.

அதே லண்டனில் ஒரு கசப்பும் நேர்ந்தது. எப்பே அரையிறுதியில் ஷின் அ-லாம், ஜெர்மனியின் பிரிட்டா ஹைடமனுடன் மோதினார். இன்னும் ஒரு விநாடி சமநிலையில் கடந்தால் ஷின்னுக்கு வெற்றி. கடிகாரம் 1 என்று காட்டியது. அந்த ஒரே "விநாடி"க்குள் பல முறை மோதல் நடந்தது. கடிகாரமோ 1 என்றே காட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் ஹைடமன் தொட்டார். மேல்முறையீட்டு முடிவுக்காக ஷின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் களத்திலேயே அழுதபடி அமர்ந்திருந்தார். முடிவு மாறவில்லை.

அறிவியல் மாணவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. முழு விநாடியை மட்டும் காட்டும் கடிகாரம் "1" என்று காட்டினால், உண்மையில் மீதம் ஒரு முழு விநாடியா, அதில் ஒரு சிறு துளியா என்று தெரியாது. அளக்கும் பொருளைவிட அளவுகோலின் பிரிவு பெரிதாக இருந்தால் தீர்ப்பு தவறலாம். ஆய்வுக்கூடத்தில் மில்லிமீட்டரை அளக்கச் சென்டிமீட்டர் கோலை எடுக்காதே என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

45 புள்ளிக் கணக்கு

குழு ஆட்டத்தில் பக்கத்துக்கு மூவர் களமிறங்குவர், ஒருவர் மாற்று. ஒவ்வொருவரும் எதிரணியின் மூவரையும் சந்திப்பதால் 3 × 3 = 9 சுற்றுகள். முதல் சுற்று ஓர் அணி 5 புள்ளியை எட்டும்வரை, இரண்டாவது 10 வரை, இப்படியே 45 வரை.

இதில்தான் மீட்சிக்கு இடம் இருக்கிறது. ஐந்து சுற்றுகள் முடிந்து 15-25 என்றால், ஆறாவது சுற்று 30 வரை நடக்கும். முன்னணியில் உள்ளவர் 5 புள்ளி எடுத்தால் சுற்று முடியும். பின்தங்கியவரோ அதே சுற்றில் 15 புள்ளி வரை எடுக்கலாம். தோக்கியோவில் கொரியா இந்த வாய்ப்பைத்தான் பயன்படுத்தியது. பாரிஸ் இறுதியில் அதே கணக்கு எதிர்ப்பக்கம் திரும்பியது. எட்டுச் சுற்று முடிவில் கொரியா 40-37 என முன்னிலை. கடைசிச் சுற்றில் உக்ரேனின் ஓல்கா ஹர்லான், ஜோன் ஹா-யோங்கை எதிர்த்து 8 புள்ளிகள் குவித்தார். 2 மட்டுமே கொடுத்தார். போரில் சிக்கிய நாட்டுக்குத் தங்கம் கிடைத்தது.

கொரியா வென்றது, சென்னை மகிழ்ந்தது

இந்தக் கதையில் நமக்கு நெருக்கமான ஒரு பெயரும் உண்டு. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி 2004இல் பள்ளியில் வாள்வீச்சைத் தொடங்கினார். மின்வாள்கள் விலை அதிகம்; எளிதில் கிடைப்பதுமில்லை. அதனால் மூங்கில் குச்சிகளால் பயிற்சி செய்து, வாள்களைப் போட்டிக்கென்று பத்திரப்படுத்தினார்கள். 14 வயதில் துருக்கியில் நடந்த தம் முதல் அனைத்துலகப் போட்டியில், மூன்று நிமிடம் தாமதமாக வந்ததற்காகக் கறுப்பு அட்டை காட்டி வெளியேற்றப்பட்டார். 2009இல் நம் மலேசியாவில் நடந்த காமன்வெல்த் போட்டியில் வெண்கலம் வென்றார்.

2021 மார்ச்சில் புடாபெஸ்ட் உலகக் கிண்ணப் போட்டியில், கொரியப் பெண்கள் சேபர் குழு ஹங்கேரியை வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்றது. அந்த முடிவால் ஆசிய-ஓசியானிய மண்டலத்தில் தனிநபர் இடம் ஒன்று தரவரிசைப்படி பவானிக்கு வந்து சேர்ந்தது. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் ஆனார். தோக்கியோவில் முதல் சுற்றில் துனீசியாவின் நாடியா பென் அசிசியை 15-3 என வென்று, அடுத்த சுற்றில் பிரான்சின் மனோன் புருனேயிடம் 7-15 எனத் தோற்றார். 2023இல் சீனாவின் வூசியில் நடந்த ஆசியப் போட்டியின் காலிறுதியில், உலக வெற்றியாளரான ஜப்பானின் மிசாகி எமுராவை 15-10 என வென்று வெண்கலம் பெற்றார். ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு அதுவே முதல் வாள்வீச்சுப் பதக்கம்.

மூங்கில் குச்சியில் மின்சுற்று கிடையாது. பட்டதா இல்லையா என்று விளக்கு எரிந்து சொல்லாது. அதையும் மீறி வந்தவர் அவர். கொரியாவிலோ மாணவிகளின் பின்னால் பயிற்சியகம், பயிற்றுநர், நிதி என எல்லாம் வரிசையாக நின்றன. திறமை எங்கும் பிறக்கலாம். அது மேலே வர ஏணி வேண்டும். ஒருவரின் உயர்வு நம்மை வியக்க வைக்கும். ஒரு குழுவின் உயர்வோ, ஏணி எங்கே இருக்கிறது என்று காட்டும்.

செய்து பாருங்கள்: உங்கள் துலங்கல் நேரம்

தேவை: 30 செ.மீ. அளவுகோல், ஒரு நண்பர்.

1. நண்பர் அளவுகோலின் மேல்நுனியைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். உங்கள் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் 0 குறிக்கு இருபுறமும், அளவுகோலைத் தொடாமல் இருக்கட்டும்.

2. நண்பர் சொல்லாமல் விடட்டும். நீங்கள் பிடித்த இடத்தின் அளவைக் குறியுங்கள். ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள்.

3. அளவுகோல் விழுவது, பள்ளியில் நீங்கள் "ஜாத்து பேபாஸ்" என்று படிக்கும் தடையற்ற வீழ்ச்சி. எனவே நேரம் = √(2 × தூரம் ÷ 9.8). தூரத்தை மீட்டரில் போடுங்கள். 10 செ.மீ. என்றால் 0.143 விநாடி, 15 செ.மீ. என்றால் 0.175, 20 செ.மீ. என்றால் 0.202, 25 செ.மீ. என்றால் 0.226.

4. இப்போது நண்பர் இரு கைகளிலும் ஒவ்வோர் அளவுகோலைப் பிடித்து, ஏதாவது ஒன்றை மட்டும் விடட்டும். விழுவதை மட்டும் நீங்கள் பிடிக்க வேண்டும். சராசரி கூடுகிறதா? ஹிக் சொன்னதை உங்கள் விரல்களே சோதித்துவிட்டன.

யோசியுங்கள்

• மறுபடி மறுபடி செய்யும்போது உங்கள் நேரம் குறைகிறதா? குறைந்தால், நரம்பு வேகமானதா, அல்லது நண்பரின் விரலசைவை நீங்கள் முன்கூட்டியே படிக்கத் தொடங்கிவிட்டீர்களா? இதைப் பிரித்தறிய எப்படி ஒரு சோதனை அமைப்பீர்கள்?

• வாளின் அலகு வளையாமல் விறைப்பாக இருந்தால், குத்துப்படுபவர் உணரும் விசை கூடுமா, குறையுமா? மோதல் நீடிக்கும் நேரத்தை வைத்து விளக்குங்கள்.